இதாவது நின்று பிடிக்கட்டும்

செப்டம்பர் 23

விடியலிலிருந்து மழை. மெட்ரோவில் எல்லோருடைய குடையும் என் சப்பாத்தைத்தான் தேடிப் பிடித்து ஒழுகியது.

வேப், அதுதான் மின்சிகரெட், செத்துவிட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் சூப் பானையை ஏற்றிவிட்டு, இடைவேளைக்கு வெளியே வந்து ஒரு இழுவை. கருகிய பஞ்சுச் சுவை. நுனி விளக்கு கொஞ்சம் சிமிட்டியது. அவ்வளவுதான். முந்தாநாள் வாங்கியது. இது எத்தனை இழுவை தாங்கும் என்று பெட்டியில் எழுதியவன் ஒரு நாளாவது சமையலறையில் வேலை செய்திருக்க மாட்டான்.

பக்கத்தில் ஜினெத், பாத்திரம் கழுவுபவள். என் வேப் சாகிற நாளெல்லாம் அவளுக்குத் திருவிழா. சிகரெட் பெட்டியை நீட்டினாள். "தியென், மா பெல்." இந்தா, என் அழகியே என்று அர்த்தம். அழகியாம். மயிர்வலைக்குள் வியர்த்துப்போய் நிற்கிறேன். வாங்கினேன். பாதிதான் பத்தினேன். பொய். முக்கால்.

பிறகு முகம், கை, முடி நுனி எல்லாம் கழுவல். கையில் எலுமிச்சந் தோல். கோட்டை வேண்டுமென்றே மழையில் நனைத்தேன். எல்லாம் வீண். கதவைத் திறந்ததும் மச்சாளின் மூக்கு சுருங்கியது. அண்ணன் கட்டிக்கொண்டு வந்த சுகந்தி. இனி வெறும் ம. முழுப் பெயர் எழுத மை வீண்.

"உம்மில சிகரெட் மணக்குது."

"மெட்ரோவில பக்கத்தில நிண்டவன் பத்திப்போட்டு வந்தவன்."

"ரஜனி, நான் கனக்கக் கதைக்க மாட்டன். பிள்ளைக்குத் தொய்வு. இன்னொருக்கா இந்த மணத்தோட வீட்டுக்குள்ள வந்தீரெண்டா, நீர் வேற இடம் பாரும். உங்கட அண்ணரிட்டயும் சொல்லிப்போட்டன்."

அண்ணன் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஹாக்கி விளங்காது. திரும்பாமல் இருக்க ஏதாவது வேண்டும், அதுதான்.

வேற இடமாம். இந்தப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஓர் அறைக்கு இப்போது என்ன கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா. ரொறன்ரோவுக்குத் திரும்பலாம் என்றால் அங்கே நான் விட்டுவிட்டு வந்த மனிதன் இருக்கிறான். சிகரெட்டும் அவன் வீட்டில் பழகியதுதான். அவனை விட்டது லேசு.

அவர்கள் மகள் ஆரணியின் அறையிலிருந்து ஆஸ்துமா பம்ப் உறிஞ்சும் சத்தம். ஒன்பது வயது. ம. சொன்னதில் நியாயம் என்று ஒன்று இருந்தால் அது மட்டும்தான்.

செப்டம்பர் 24

மழை விட்டது. குளிர் பிடித்தது.

நவராத்திரி. ம. வரவேற்பு ஹோலில் கும்பம் வைத்திருக்கிறாள். மாலையானால் கடலை, அவல், சாம்பிராணி. வீடு முழுக்கப் புகை. அந்தப் புகைக்குப் பிள்ளைக்குத் தொய்வு வராதாம்.

டெப்பனர் என்கிற மூலைக்கடையில் இன்னொரு வேப். அதே சனியன்.

தூக்கியெறியும் வேப்பில் எனக்குப் பிடிக்காதவை:
– எப்போது சாகும் என்று சொல்லாது. சாகும்போது நான் எப்போதும் வேலையில்.
– உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது.
– சிலதைச் சார்ஜ் பண்ணவும் ஏலாது. பண்ணக்கூடியதில் சார்ஜ் இருக்கும்போது நீர்மம் இருக்காது.
– செத்த பிறகும் நம்மை விடாது.

கடைசிதான் பெரிய தலையிடி. குப்பையில் போட்டால் ம. கண்ணில் படும். பற்றரி இருக்கிறபடியால் போடவும் கூடாதாம். என் அலுமாரியில் ஒரு நாப்கின் பெட்டி, அதற்குள் போட்டு வைக்கிறேன். ஒரு விசித்திரம். வந்த நாளிலிருந்து போடுகிறேன், பெட்டி நிரம்பவே மாட்டேன் என்கிறது. சின்னச் சாமான்கள், அடியில் அடங்கிக் கிடக்கும் போல.

செப்டம்பர் 26

வேலை முடிந்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் வேப் மட்டும் விற்கிற கடைக்குப் போனேன். நீண்ட நாள் நிற்கிற சாமானாக ஒன்று வாங்குவதென்று முடிவு.

உள்ளே ஒரு பெடியன். சென்னைக்காரன், படிக்க வந்தவனாம். என் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டான்.

"தமிழாக்கா? சூப்பர். இதப் பாருங்க. ஸ்க்ரீன் இருக்கு, வாட்டேஜ் ஏத்தலாம், இறக்கலாம், லைட்டு கலர் மாத்தலாம்."

"எனக்கு ஏத்தவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். ஒரு நாள் வேலை முடியுமட்டும் சாகாம இருந்தாக் காணும்."

"அப்படீன்னா உங்க யூசேஜ் என்னக்கா? எத்தன வருஷமா அடிக்கிறீங்க?"

அடிக்கிறீங்களாம். அக்கா என்று ஒரு வாயால் சொல்லிக்கொண்டே. பக்கத்தில் ஒரு மனிதன் வேப்பில் பழவாசனைகளை ஏன் தடை செய்தார்கள் என்று பிரெஞ்சில் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்போல மினுங்கியது. எனக்குச் சினம் ஏறிவிட்டது. "யோசிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது என் மேலேயே கோபம். போன காரியம் நடக்கவில்லை. அவன் கேட்டதில் பிழையும் இல்லை.

செப்டம்பர் 28

அண்ணன் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்கு. வெயில், ஆனால் பல்லுக்குள் குளிர்.

பூசை முடிய இன்னும் நேரம். கார் நிறுத்துமிடத்தின் மூலைக்குப் போய் ஒரு இழுவை. வரவில்லை. புதன்கிழமை வாங்கியது. செத்துவிட்டது, கோயில் வாசலில்.

இரண்டு கார் தள்ளி இரண்டு பட்டுச் சேலைகள். சப்பாத்துக் கழற்றும் சாக்கில் கதை.

"அவ இன்னும் அண்ணன் வீட்டிலதானாம்."

"சுகந்தி பொறுமைசாலி. நானெண்டா வைச்சிருக்க மாட்டன்."

சுகந்தி பொறுமைசாலி. இதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். அந்த நேரத்தில் யாராவது சிகரெட் நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேன். நீட்ட ஒருவரும் இல்லாதபடியால் தப்பினேன். உள்ளே போய் முருகனைப் பார்த்தேன். கேட்க ஒன்றும் வரவில்லை.

வருகிற வழியில் டெப்பனரில் நிறுத்தச் சொல்லி, பால் வாங்குகிற மாதிரி இன்னொன்று. வீட்டில் பால் நிறைய இருந்தது. ம. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் புதுப் பாலைப் பின்னால் தள்ளி வைத்தாள்.

செப்டம்பர் 29

மறுபடியும் அதே கடை. அதே பெடியன். வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன்.

"தம்பி, கேள்வி கேக்காதேங்கோ. பொத்தான் வேண்டாம். திரை வேண்டாம். மினுங்கக் கூடாது. எவ்வளவு மிச்சமெண்டு கண்ணால தெரியவேணும். ஒரு நாள் முழுக்க நிக்கவேணும்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். பெருவிரலை விடக் கொஞ்சம் நீளம். கறுப்பு. இழுத்தால் வேலை செய்யும், விட்டால் நிற்கும். நுனிப் பகுதியைக் கழற்றிப் பக்கத்தால் நிரப்பவேண்டும். சுவை கருகினால் அந்த நுனியை மட்டும் மாற்றினால் போதும். போனுக்குப் போடுகிற வயரே இதற்கும்.

"ஃபில் பண்ணிட்டு உடனே இழுக்காதீங்கக்கா, பத்து நிமிஷம் ஊறட்டும். அப்புறம் சைடுல ஒரு குட்டி ஓட்டை இருக்கு பாருங்க, காத்து அது வழியாதான் போகும். அது மட்டும் அடைக்கக் கூடாது."

இதை வெள்ளிக்கிழமையே காட்டியிருக்கலாம். சொன்னேன். சிரித்தான். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது.

ஊறவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில் நின்று இழுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சமிருந்த சனியனையும் நாப்கின் பெட்டிக்குள் எறிந்தேன். இனி அது வேண்டாம்.

செப்டம்பர் 30

வேலை முழுக்க நின்றது. காலையிலிருந்து மாலை வரை. இதை எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது.

ஜினெத் இரண்டு தடவை பெட்டியை நீட்டினாள். "நோன், மெர்சி." வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை அவளே பத்திக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றாள். நான் சிகரெட்டை விட்டால் அவளுக்கு என்ன நட்டம் என்று தெரியவில்லை. மழையில் தனியாக நிற்கவேண்டும் என்ற கவலையாக இருக்கும்.

வீட்டில் ஒரு பிழை விட்டேன். என் அறைப் பிளக்கில் ஹீற்றர். ஹோல் பிளக்கில் சார்ஜுக்குப் போட்டேன். ம. வந்து குனிந்து பார்த்தாள்.

"இது என்ன?"

"வேலைச் சாமான். கிச்சின்ல குளிர்பெட்டிக்குள்ள எவ்வளவு குளிரெண்டு பாக்கிறது."

"ஓ."

அந்த ஓவை நான் நம்பவில்லை. ஆனால் போய்விட்டாள்.

அக்டோபர் 1

சரஸ்வதி பூசை. வெளியே இலை கொட்டுகிறது, உள்ளே ஆள் கொட்டுகிறது.

வேலையால் வந்ததும் குளிக்கப் போனேன். வேப் சார்ஜில். குளித்து வந்து பார்த்தால் பிளக்கில் வயர் மட்டும். ஹோலில் கும்பத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி. அதன்மேல் ஆரணியின் பிரெஞ்சுக் கொப்பிகள், அண்ணனின் டிரில் மெஷின், ம. சட்டை தைக்கிற கத்தரிக்கோல். நடுவில் என் வேப். சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ.

ஈரத் தலையோடு துணிக்கு முன்னால் போய் நின்றேன்.

"மச்சாள், அது எனக்கு வேணும்."

"பூசைக்கு வைச்சாச்சு. நாளைக்குக் காலமை பூசை முடியத்தான் தொடலாம். உங்கட ஊரில அப்பிடியில்லையோ?"

எங்கட ஊராம். மட்டக்களப்பில் நாங்கள் சரஸ்வதி பூசை காணாத மாதிரி. எங்கள் வீட்டிலும் வைத்ததை யாரும் தொடுவதில்லை, அதுதானே சிக்கல். வேண்டுமென்றே செய்கிறாள். எனக்கு என்ன வரும் என்று தெரிந்து, சாமியைக் காவல் வைத்துச் செய்கிறாள். சிகரெட்டுக்கு ஓடவேண்டும், மணத்தோடு வரவேண்டும், பெட்டியைக் கட்டவேண்டும். திட்டம் அதுதான்.

வந்திருந்தவர்களில் வத்சலா அக்கா. கோயில் வாசலில் கதைத்த பட்டுச் சேலைகளில் ஒன்று. குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்தாள்.

"சுகந்தி, இதென்ன இது? என்ர மகனிட்ட இருக்கிறது மாதிரியெல்லோ கிடக்கு."

"அது ரஜனியிட வேலைச் சாமான். கைவைக்காதேங்கோ அக்கா."

அவ்வளவு வெட்டு வெட்டிச் சொல்ல என்ன இருக்கிறது என்று அப்போது விளங்கவில்லை. தேவாரம் படித்தார்கள். எனக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஆட்கள் போனதும் கீழே டெப்பனருக்கு. வேப் கேட்டேன். முடிந்துவிட்டதாம், வெள்ளிக்குத்தான் வருமாம். பின்னால் மூடியிருந்த அலுமாரியைப் பார்த்தேன். கடைக்காரன் திறந்தான். ஒரு பெட்டி சிகரெட், ஒரு லைட்டர்.

எங்கள் வீட்டு வெளிப் படிக்கட்டின் அடியில் நின்றேன். பெட்டியின் பிளாஸ்டிக்கை நகத்தால் நெண்டிக்கொண்டிருந்தேன். மேலே கதவு திறந்தது. ம. கூறைச் சேலைக்கு மேல் பனிக்கோட்டு, கையில் குப்பைப் பை. இறங்கி வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"பத்தப் போறீரோ?"

பெட்டியை உள்ளங்கைக்குள் மூடினேன்.

"அது குளிர்பெட்டிச் சாமானெண்டு சொல்ல நான் நம்பினனெண்டு நினைச்சீரோ?"

"தெரிஞ்சுகொண்டே ஏன் அங்க வைச்சனீங்கள்? என்னை வீட்டை விட்டுக் கலைக்கவோ?"

"உம்மட அலுமாரிப் பெட்டியில கிடந்ததெல்லாம் எங்க போனதெண்டு நினைக்கிறீர்? நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். பழைய பற்றரி எடுக்கிற இடத்தில நிண்டு பையிலயிருந்து ஒவ்வொண்டா எடுத்து வைக்க, அங்க வேலை செய்யிற பெட்டை என்னை மேலயும் கீழயும் பாத்தவள். எல்லாம் நான் இழுத்து முடிச்சதெண்டு நினைச்சிருப்பாள்."

குப்பைப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"எல்லாம் ரெண்டு நாளில சாகுது. செத்த அண்டைக்கெல்லாம் நீர் சிகரெட் மணத்தோட வாறீர். நேற்றுத்தான் ஒரு நல்ல சாமான் வாங்கியிருக்கிறீரெண்டு கண்டனான். இதாவது நிண்டு பிடிக்கட்டுமெண்டு வைச்சன்."

குப்பையைப் போட்டாள். பெட்டியை என் கையிலிருந்து வாங்கவில்லை. படியில் ஏறும்போது திரும்பாமலே சொன்னாள்.

"கடலை கிடக்கு. ஆறமுதல் வாரும்."

கோபம் போகவில்லை. கேட்டிருக்கலாம், சொல்லியிருக்கலாம். என் அலுமாரியைத் திறக்க அவளுக்கு யார் உரிமை தந்தது. ஒரு கோப்பை கடலை சாப்பிட்டேன். பிறகு இன்னொன்று. உப்புக் கூடிவிட்டது.

அக்டோபர் 2

விஜயதசமி. முதல் பனிப்புள்ளி, நிலத்தில் பிடிக்கவில்லை. நித்திரை இல்லை, தலையிடி. சிகரெட் பெட்டி உடைக்காமல் கோட்டுப் பைக்குள்.

காலைப் பூசை முடிந்தது. ஆரணி கொப்பியை எடுத்து ஒரு வரி எழுதினாள், அண்ணன் டிரில் மெஷினை ஒருதரம் சுற்றிப் பார்த்தான். நான் வேப்பை எடுத்துக்கொண்டு பின் பல்கனிக்கு ஓடினேன். இழுத்தேன். ஒன்றும் வரவில்லை.

பக்கத்து ஓட்டை முழுக்கக் காய்ந்த சந்தனம்.

"மச்சாள், ஓட்டையை அடைச்சுப்போட்டியள்."

மச்சாள் பல்கனிக்கு வந்தாள். தோளில் சேலையைப் பிடித்திருந்த சட்டைப்பின்னைக் கழற்றித் தந்தாள். தோண்டினேன். அவள் சேலையைக் கையால் பிடித்துக்கொண்டு, குளிரில், எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கென்ன தெரியும், பொட்டு வைக்க நல்ல இடமாக் கிடந்தது."

வந்தது. முதல் இழுவை முழுக்கச் சந்தன வாசம். தாங்க முடியவில்லை. மச்சாள் உள்ளே போய்க் கதவை இறுக்கிச் சாத்தினாள்.

இடைவேளை. ஜினெத் வழக்கம்போல் பெட்டியை நீட்டினாள். நான் என் பைக்குள்ளிருந்து புதுப் பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "தியென், மா பெல்." அவள் முகம் தொங்கிப்போனது. பார்க்க நன்றாக இருந்தது.