அனுப்புகைப் பதிவேடு

ஜனவரி 6
கடிதம் எண் 1

அன்புள்ள வாத்தியாருக்கு,

மகள் வீட்டில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்குக் காது மந்தமான பிறகு தொலைபேசியில் நாம் பேசுவது இரண்டு பேர் தனித்தனியாகக் கத்துவதுபோல இருக்கிறது. அதனால் கடிதமே மேல் என்று முடிவு செய்து, வழக்கம்போல எண்ணும் போட்டுவிட்டேன். சிரிக்காதே.

பிள்ளைகளுக்காக நீ தொடங்கிய 'மாதிரி மன்றம்' பன்னிரண்டாவது ஆண்டாக, நீ இல்லாமல் முதல் முறையாக, சனிக்கிழமை கூடியது. நூலகத்தின் கீழ்த்தள அறைதான். முப்பத்திரண்டு பிள்ளைகள், பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை. அவைத்தலைவராக பேக்கரிக்காரர் மகனைத் தேர்ந்தெடுத்தார்கள். மணியை அடித்துக்கொண்டே இருக்கிறான். அவனே பேசும்போதும் அடிக்கிறான். உன் இடத்தில் நின்றபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "செயலர் ஐயா, உக்காந்தே பேசுங்க" என்று ஒரு பெண் சொன்னாள். தையல்காரம்மாவின் இளைய மகள். பதினைந்து வயது. இங்கே எல்லோரும் 'குறுக்கு' என்று கூப்பிடுகிறார்கள், குறுக்குக் கேள்வியின் சுருக்கம்.

அவளைப் பற்றித்தான் ஒன்று கேட்க வேண்டும். அவள் அக்கா ஐந்து ஆண்டுகளுக்கு முன் நம் மன்றத்தில் இருந்தவள். சுரங்கப்பாதைப் படிக்கட்டுக்குக் கைப்பிடி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாளே, நினைவிருக்கிறதா? போன மாதம் அவர்கள் அம்மா அதே படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இப்போது தையல் இயந்திரத்தை மிதிக்க முடியவில்லை. நாம் அனுப்பிய அந்தத் தீர்மானத்துக்கு நகரசபை என்ன பதில் தந்தது என்று குறுக்கு கேட்கிறாள். அனுப்புகைப் பதிவேட்டில் தேதியும் எண்ணும் என் கையெழுத்தும் இருக்கின்றன. பதில்களை நீ எங்கே வைத்திருக்கிறாய்? இரண்டாவது அலமாரியிலா? அதன் சாவி என்னிடம் இல்லை.

மாத்திரையை வேளைக்குப் போடு.

உன்,
பதிவேடு


ஜனவரி 12

என் அருமைப் பதிவேட்டுக்கு,

நண்பனுக்கு எழுதும் கடிதத்துக்கே எண் போடுகிற ஒரே ஆள் உலகத்தில் நீதான்டா. நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு வருடம் ஆவணக் காப்பாளராக இருந்தவனை ஓய்வு கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, தண்ணீரில் ஊறவைத்துத்தான் மேசையிலிருந்து பிரிக்க வேண்டும்.

இங்கே சாப்பாட்டில் உப்பு இல்லை. மாப்பிள்ளை என்னிடம் எதையும் இரண்டு தடவை சொல்லமாட்டார். முதல் தடவையில் எனக்குக் கேட்காது. ஆக மொத்தம் எங்களுக்குள் சண்டையே இல்லை.

அந்தப் பெண்ணிடம் பதில் வரவில்லை என்று சொல். நகரசபை என்றைக்குப் பதில் போட்டிருக்கிறது? அவள் அம்மாவுக்கு என் வருத்தத்தைச் சொல். இரண்டாவது அலமாரியில் பழைய பதாகைகள்தான். சாவி தொலைந்து எத்தனையோ நாளாகிறது. அதை நோண்டாதே, தூசி உனக்கு ஆகாது.

பிள்ளைகளைப் பேசவிடு. நீ குறைவாக எழுது.

வாத்தியார்


ஜனவரி 21
கடிதம் எண் 2

அன்புள்ள வாத்தியாருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

பதில் வரவில்லை என்று நீ சொன்னபடியே குறுக்கிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, பள்ளி முடிந்ததும் நேரே நகரசபை அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். தபால் வரவுப் பேரேட்டைத் தேதி தேதியாகப் பார்க்க வைத்திருக்கிறாள். அங்கிருந்த எழுத்தர், "பாப்பா, இந்த அஞ்சு வருஷத்துல இந்தப் பேர்ல இங்க எதுவுமே வரலையே" என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அதை அவையில் எழுந்து சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் காதில் இரைச்சல் கேட்டது.

நாம் சொல்லிக்கொடுத்த விதிப்படியே ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார்கள். முதல் சாட்சி நான். அழைப்பாணையை என்னையே எழுதச் சொன்னார்கள், அழகாக எழுதுகிறவர் வேறு யாரும் இல்லையாம். என் பெயருக்கு நானே எழுதி, நானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டேன்.

பிறகு நூலகரிடம் போனேன். "அந்த அலமாரிக்கு மாற்றுச் சாவி எங்கிட்ட எப்பவும் உண்டே சார், யாரும் கேக்கலயே" என்றார்.

பதாகைகள் இருந்தன. அவற்றின் கீழே இருபத்தேழு உறைகள். எல்லாவற்றிலும் முகவரி என் கையெழுத்தில். எல்லாவற்றிலும் தபால்தலை ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் உன் கையில் கொடுத்தேன். "அனுப்பியாச்சு, எழுதிக்கோ" என்றாய். 'அனுப்பப்பட்டது' என்று எழுதினேன். முதல் ஆண்டின் உறை மட்டும் அங்கே இல்லை.

நீதிமன்றத்தில் கண்ணால் பார்க்காத எதையும் நான் பதிந்ததில்லை. இதில் மட்டும் ஏன் பதிந்தேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். நீ சொன்னாய் என்பது ஒரு காரணம். மாதிரி மன்றம்தானே என்று நினைத்தது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை விசாரணை. நான் என்ன சொல்லட்டும்?

பதிவேடு


ஜனவரி 26

பதிவேட்டுக்கு,

நீ அலமாரியைத் திறந்திருக்கக் கூடாது. நாற்பது வருடத்தில் நான் உன்னிடம் கேட்டது எத்தனை? உன் மகன் படிப்புக்கு நான் அலைந்ததையோ, உன் மனைவி மருத்துவமனையில் இருந்த அந்த இருபது நாளையோ சொல்லிக்காட்ட மாட்டேன். சொல்லிக்காட்டிவிட்டேன், பார்.

முதல் ஆண்டு நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அனுப்பவில்லை. காரணம் கேட்காதே.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். முதல் நாள் தன் பெயரைச் சொல்லவே வாய் வராத பிள்ளைகள் எட்டாவது வாரம் நிமிர்ந்து நின்று குடிநீரைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் பேசினார்கள். எப்படி? எங்கேயோ ஒருவர் கேட்கிறார் என்று நம்பியதால்தான். அந்த நம்பிக்கையை நான் கொடுத்தேன். நீ பறிக்கப் போகிறாயா? எதற்காக? ஒரு பேரேட்டுக்காகவா?

அனுப்பினோம், பதில் வரவில்லை. ஐந்து சொற்கூடக் கிடையாது. முதல் ஆண்டுக்கு அது உண்மையும்கூட, ஏறக்குறைய. உறைகளை எரித்துவிடு.

நீ வேறு விதமாகச் சொன்னால் நமக்குள் பேச ஒன்றும் இருக்காது.

வாத்தியார்


பிப்ரவரி 4
கடிதம் எண் 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

சொல்லிவிட்டேன்.

சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. நீ எழுதித் தந்த வாக்கியத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். வாசிக்கும் மேசையைச் சாட்சிக் கூண்டுபோலத் தனியே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கால் குட்டையான அந்த நாற்காலிதான். நான் அசையும்போதெல்லாம் அதுவும் ஆடியது.

குறுக்குதான் கேட்டாள். என் குறிப்பிலிருந்தே எடுத்து எழுதுகிறேன். ஆம், சாட்சி சொல்லிக்கொண்டே நடவடிக்கைக் குறிப்பையும் நானே எடுத்தேன். வேறு ஆள் இல்லை.

"செயலர் ஐயா, இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"அனுப்பப்பட்டதுன்னு எழுதியிருக்கு. தபால் பெட்டியில போட்டத நீங்க பாத்தீங்களா?"

அவ்வளவுதான் கேள்வி. யார், ஏன், எதற்கு என்று ஒன்றுமில்லை. நீதிமன்றத்தில் எத்தனையோ வழக்கறிஞர்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு குறைவாகக் கேட்டவர்கள் குறைவு. பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு, "பார்க்கவில்லை. உறைகள் அலமாரியில் இருக்கின்றன. இருபத்தேழு" என்று சொன்னேன்.

மணியடிக்கிற பையன்கூட மணியை மறந்துவிட்டான். பின் வரிசையில் ஒருவன், "அப்ப இத்தன வருஷமா அலமாரிக்குத்தான் மனு குடுத்துட்டு இருந்தோமா!" என்றான். சிலர் சிரித்தார்கள். சிரிக்கத் தொடங்கிய ஒரு சின்னப் பெண் பாதியில் அழுதுவிட்டாள். குறுக்கு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "எங்கக்கா அந்தத் தீர்மானத்த ஒம்போது தடவ திருத்தி எழுதுச்சு ஐயா" என்றாள். அதையும் குறிப்பில் எழுதினேன்.

இனி அனுப்புகைப் பதிவேட்டில் என் கையெழுத்து மட்டும் செல்லாது என்று தீர்மானித்தார்கள். 'பார்த்தவர்' கையெழுத்திட அதில் புதிதாக ஒரு பத்தி. உன்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும் என்றும் முடிவு. எனவே மன்றத்தின் செயலராகக் கேட்கிறேன்: ஏன் அனுப்பவில்லை? நண்பனாகக் கேட்க எனக்கு உரிமை மிச்சமிருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் அந்த முறையிலும் கேட்கிறேன்.

நான் செய்தது சரியா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.

பதிவேடு


பிப்ரவரி 16

செயலருக்கு,

விளக்கம் இத்துடன். முதல் ஆண்டு நகரசபை அனுப்பிய பதில். பதினோரு ஆண்டுகளாக என் பெட்டியின் அடியில் இருந்தது. 'சிறுவர்களின் பொழுதுபோக்குத் தாள்களை இவ்வலுவலகத்துக்கு அனுப்பி நேரத்தை வீணாக்குவதைத் தவிர்க்கவும்.' கீழே முத்திரை.

அது வந்த மறுநாள் சனிக்கிழமை. பிள்ளைகள் வாசலிலேயே நின்றார்கள். "பதில் வந்துச்சா சார்?" என்று கேட்டார்கள். இன்னும் வரவில்லை என்றேன். அந்த ஒரு நாளைத் தாண்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். மறு ஆண்டு அனுப்பினால் இதே தாள் திரும்பி வரும். அதைப் படித்த பிறகு எந்தப் பிள்ளை எழுந்து நின்று பேசும்?

பேரேட்டில் ஒட்டிக்கொள்ளலாம். எனக்கு இனி எழுத வேண்டாம்.


மார்ச் 2
கடிதம் எண் 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

எழுத வேண்டாம் என்றாய். செயலர் என்ற முறையில் முடிவைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

நகரசபையின் தாளை அவையில் வாசித்தேன். நீ பயந்ததுபோல ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "பொழுதுபோக்கா? யாரு அந்த ஆளு?" "கையெழுத்து யாருதுன்னு பாருங்க ஐயா!" மணி அறுந்து விழாத குறை. உன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கே திரும்பிவிட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

சுவரில் இருக்கும் 'நிறுவனர்' பலகையை எடுத்துவிட வேண்டும் என்று ஒருவன் தீர்மானம் கொண்டுவந்தான். எதிர்த்துப் பேசியவள் குறுக்கு. "பலகைய எடுத்தா அவரு செஞ்சது எல்லாமே போயிடும், நல்லதும் கெட்டதும். இருக்கட்டும். கீழ ஒரு வரி சேத்துக்கலாம்" என்றாள். திருத்தம் பதினெட்டுக்குப் பதின்மூன்றில் நிறைவேறியது. வரியை என்னையே எழுதச் சொன்னார்கள்: 'ஓராண்டு அனுப்பினார். பத்தாண்டு அனுப்பவில்லை. பார்க்காமல் கையெழுத்திட்டவர் செயலர்.' பலகையில் எழுதுமுன் நான்கு நாள் தாளில் பழகினேன். நம் இருவர் பெயரும் ஒரே பலகையில் வருவது இதுதான் முதல் முறை.

திங்கட்கிழமை இருபத்தேழு உறைகளையும் நேரில் கொண்டுபோனோம். அந்த எழுத்தர் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தும்வரை பிள்ளைகள் நகரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவரை விடவில்லை, பாவம். படிக்கட்டுக்கு இன்னும் கைப்பிடி வரவில்லை. வரும் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆனால் மறு சனிக்கிழமை முப்பத்திரண்டு பேரும் வந்தார்கள். இது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே.

பார்வையாளர் பெஞ்சில் உனக்கு ஓர் இடம் இருக்கிறது. பேச அனுமதி கிடையாதாம், கேட்க மட்டும். 'அவருக்குக் காது கேட்காதே' என்றேன். 'பாத்தா போதும்' என்றார்கள்.

உன்,
பதிவேடு


ஏப்ரல் 6
கடிதம் எண் 5

அன்புள்ள வாத்தியாருக்கு,

போன கடிதத்தை நானும் குறுக்கும் சேர்ந்தேதான் தபால் பெட்டியில் போட்டோம். உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகே அவள் 'பார்த்தவர்' பத்தியில் கையெழுத்திட்டாள். இந்தக் கடிதத்துக்கும் வந்திருக்கிறாள். வாசலில் நிற்கிறாள், அம்மாவுக்கு மருந்து வாங்கப் போக வேண்டுமாம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

முப்பத்தைந்து நாளாகிறது. பதிவேட்டில் அதற்குப் பக்கத்துப் பத்தியில் இன்று காலை நான் எழுதியது இது: 'அனுப்பினோம். பதில் வரவில்லை.'

அன்று நீ என்னைச் சொல்லச் சொன்ன அதே வாக்கியம்தான். எழுதும்போதுதான் கவனித்தேன். இப்போது அது உண்மை.

இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாம்.

உன்,
பதிவேடு