நிலவொளியில் நான்கு கற்கள்

12 செப்டம்பர் 2025, வெள்ளி
கல்லூரிக் கண்காட்சியில் இன்று என் பேச்சுக்குத்தான் அதிகக் கைதட்டல். ஓவிய ஆசிரியை ஹஃபீசா செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, அச்செடுத்த படம். நிலவொளியில் விரிந்த நீர், நடுவே நான்கு கற்கள், ஓரங்களில் ஒரு குன்றும் ஒரு சின்ன அறையும். "நான்கும் வாழ்வின் நான்கு பருவங்கள், நிலாவோ எட்டாத மெய்ம்மை" என்று இருபது நிமிடம் வெளுத்துக்கட்டினேன். தமிழ்த்துறை என்றால் சும்மாவா? ஹஃபீசா மட்டும் கைதட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க மேடம்" என்றாள்.

14 செப்டம்பர், ஞாயிறு
படப்பைப் பக்கம், அஞ்சம்மாள் நகர். என் அம்மாவின் பெயர்; அப்பா போட்ட மனைப்பிரிவு. முகவரியைப் பார்த்ததுமே உதைத்தது.

மேசைமேல் அந்தத் தகடு. அச்சில் இடம் வலமாகிவிடுமாம். தகட்டில்தான் கண்டது கண்டபடி இருக்கிறது. இடப்பக்கம் குன்று. வலப்பக்கம் — எங்கள் பம்ப்செட் ரூம்!

"போன வருஷ மழை மேடம். கரண்ட் இல்ல. மாடியிலேர்ந்து பார்த்தா, நிலா வெளிச்சத்துல தெருவே ஏரியா கெடக்குது. அந்த நாலும் எதிர் பிளாட்டோட எல்லைக்கல்லு."

நான்கு பருவங்களாம்! விற்றவர் என் அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

15 செப்டம்பர்
இன்றும் சொல்லவில்லை.

22 செப்டம்பர், திங்கள்
ஆண்டு மலருக்கு அந்தப் பேச்சைக் கேட்கிறார்கள். அது அச்சில் வேறு வர வேண்டுமா? அந்த மனைகளை விற்றவர் என் அப்பா என்று ஸ்டாஃப் ரூமில் ஹஃபீசாவிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும் மேடம். பத்திரத்துல உங்க கையெழுத்தும் இருக்கே. அதான் உங்களைப் பேசக் கூப்பிட்டேன். படத்தைப் பார்த்தா இடம் தெரியும்னு நெனச்சேன்."

ஆமாம், போட்டேன். ஏரி நிறைந்தால் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று சின்ன வயதிலேயே தெரியும். தெரிஞ்சேதானே போட்டே? அப்புறம் உனக்கு எதுக்குடி குறியீடும் படிமமும்? வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

23 செப்டம்பர்
மலருக்கு எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்: "அவை எதற்கும் குறியீடு அல்ல. எல்லைக் கற்கள். நட்டவர் என் தந்தை ஜெயவேலு. விற்ற பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி."

"ஊர்ல எல்லாரும்தான் வித்தான். நான் மட்டும் இன்னா பண்ணிட்டேன்?" டிவி சத்தத்தைக் கூட்டினார். அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை.

22 அக்டோபர், புதன்
விடியலிலிருந்து மழை. ஹஃபீசாவுக்கு போன் செய்தேன். "வாசப்படி ஏறிடுச்சு மேடம். அவரு மறைமலை நகர்ல ஷிஃப்ட்டு. நானும் பசங்களும்தான்." கிளம்பினேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது அந்தத் தெருமுனையில்தான்.

"நேரா வுடாத. பள்ளம் எங்கன்னு எனக்குத் தெரியும்."