திரும்பி வந்த ரத்தம்

ஜொவால்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் டிபோருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், இந்த முறை நிஜமாகவே நலம், நீயும் மாப்பிள்ளையும் அந்தத் துரின் ஊர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா. முதலில் உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நாலு மாதமாக நீ போனில் கேட்டபோதெல்லாம் படகில் இருக்கிறேன், வலை இழுக்கிறேன் என்று சொன்னது அத்தனையும் பொய். வீட்டில் பாயில் கிடந்தேன். பின்னால் கேட்ட அலைச் சத்தம், உன் அம்மா வாளித் தண்ணீரில் கையை விட்டு அளைந்தது. கோபத்தில் பாதியை அவளுக்கும் ஒதுக்கி வை.

மழைக்காலத்தில் இடது பாதத்தைச் சிப்பி கிழித்தது, சர்க்கரைக்காரன் காலுக்கு அது எங்கே உறைத்தது, உறைத்தபோது புண் குழியாகிவிட்டது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு மாதத்தில் ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்றார். நான் வாயடைத்துப் போனேன், கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆனால் அன்று வெளியே போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

அப்புறம் புண்ணுக்கென்றே இருக்கிற ஒரு சின்ன டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். பெயர் ஜத்தா என்றதும் எனக்கு உயிர் வந்துவிட்டது. ஜோலாப் பெண். நம் செரேர் இனத்துக்கும் ஜோலா இனத்துக்கும் கேலி முறை, அவர்கள் சாப்பாடு அரிசி, நம்முடையது கம்பு, பார்த்த இடத்தில் அடிமை, திருடன், பெருந்தீனி என்று திட்டிக்கொள்ளலாம், கோபிக்கத்தான் கூடாது என்பதை மாப்பிள்ளைக்கு நீதான் விளக்க வேண்டும். அரிசி மூட்டையெல்லாம் எப்போ டாக்டர் ஆச்சு என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கம்புச் சோத்துத் திருடனுக்குக் கால் எதுக்கு, ஓடவா என்றாள்.

அதோடு விட்டாளா, ஊசியை எடுத்தாள். கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, அதிலுள்ள தட்டணுக்களை மட்டும் பிரித்துப் புண்ணில் வைப்பாளாம். கடலுக்குப் பயப்படாத உன் அப்பா ஊசிக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். சட்டென்று ஒரு நியாயம் கிடைத்தது. கேலி முறைக்காரர்கள் ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்தக் கூடாது, பெரியவங்க போட்ட கட்டு இது, நீ என் ரத்தத்தை எடுத்தா உன் வம்சத்துக்கே ஆகாது என்றேன். அவள் யோசித்தாள். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன். அப்போது சொன்னாள், நான் எங்க சிந்தறேன், உங்க கையில வாங்கி உங்க காலுக்கே குடுக்கறேன், காயம் பட்டா முதல்ல ஓடி வர்றது தட்டணுதான், உங்களுது உங்களை மாதிரியே சோம்பேறி, நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான். உன் அம்மா, வாயை மூடிட்டுக் கையை நீட்டுங்க, எனக்கு ரெண்டு காலோட புருஷன் வேணும் என்றாள். நீட்டினேன்.

மெஷின் சுற்றி நின்றது. கண்ணாடிக் குழாயில் சிவப்புக்கு மேலே நுங்கு மாதிரி ஒரு வழவழப்பு. அதை எடுத்து அழுத்திப் பரப்பிப் புண்ணில் ஒட்டினாள். சிவப்பு எங்கே என்று கேட்டேன். அது கழிவாம். திருப்பித் தர்றேன்னு சொல்லிப் பாதியை அமுக்கிட்ட திருடி என்று அன்று ஆரம்பித்தவன் வாராவாரம் விடவில்லை. அது நான் உங்க பேச்சைக் கேட்டதுக்குக் கூலி என்றாள்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தவள் விளக்கைக் கிட்டே இழுத்துக் குனிந்து பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். குழி இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். பெரிய டாக்டர் வந்து பார்த்து, வெட்ட வேண்டாம் என்றார். நான் அழுதேன் டிபோர், டாக்டரம்மாவும்தான். பிறகு, செரேர் கண்ணீர் தரையை அசிங்கம் பண்ணுது என்றாள்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் வாழக் கடவுள் துணையிருப்பார். சர்க்கரை பரம்பரை வியாதி, மாதம் ஒருமுறை நீயும் சர்க்கரை பார்த்துக்கொள், என்னைப் போல் பொய் சொல்லாதே. ஒன்று மறந்தேன். அகலமான, மெத்தென்ற ஷூதான் போட வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு, இங்கே கிடைப்பதெல்லாம் விறைப்பு. இந்தத் தாளின் பின்பக்கத்தில் பாதங்களை வைத்து வரைந்திருக்கிறேன், அளவு பார்த்து வாங்கி அனுப்பு. இடது பாதத்தின் கோடு கோணலாக இருக்கும், புதுத்தோலில் பேனா படாமல் ஒதுங்கி வரைந்தேன். ஜோடியாகவே வாங்கு மகளே, இரண்டும் வேண்டும்.

உன் அப்பா,
லாத்திர் ஃபாய்