பதினெட்டு டிகிரி

அன்புள்ள நண்பனுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

உன் மாணவி நேற்று என் அறையில் அழுதாள். "மூணு வருஷம் சார். அவர் கட்டுரையில போட்ட ரிசல்ட் நான் செஞ்சா மட்டும் வரவே மாட்டேங்குது. அடுத்த வாரம் என்னை லேபை விட்டே அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாரு."

யாருக்கும் வராது. கட்டுப்பாட்டு மரபணுவின் புரதம் ஒட்டும் இடத்தை அழித்தால், அதற்கு அடங்கிய மரபணு பழ ஈயின் கருவில் விழிக்காது, வேலையைத் தொடங்காது என்று எழுதினாய். நீ சோதித்த கருக்கள் வளர்ந்த பெட்டியை அன்று இருபத்தைந்து டிகிரியிலிருந்து பதினெட்டுக்குக் குறைத்தவன் நான், வேறு ஈக்களுக்காக. குளிரில் கரு பாதி வேகத்தில்தான் வளரும். நீ கடிகாரத்தைப் பார்த்தாய், கருவைப் பார்க்கவில்லை. அந்த மரபணு விழிக்கும் வயதே அவற்றுக்கு ஆகவில்லை. ஒப்பிட எடுத்தவையோ இருபத்தைந்தில் வளர்ந்த முந்தின வாரத்துக் கருக்கள்.

கட்டுரை அச்சாகும் முன்பே எனக்குத் தெரியும். என் பெயரை எடுத்துவிட்டு, "ஈ ஓட்டினதுக்கெல்லாம் பேர் போடணுமாடா?" என்று சிரித்தாயே, அதனால் சொல்லவில்லை. என்றாவது நீ மாட்டுவாய் என்று காத்திருந்தேன். மாட்டியது அவள்.

அவளை அனுப்பாதே.

இது அவள் கைக்கே போனாலும், கையெழுத்தில்லாத காகிதத்தை வைத்து அவளால் எதையும் நிரூபிக்க முடியாது. அது தெரிந்தும் பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்துப் போட்டால் நானும் அல்லவா மாட்டுவேன்? இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.