வியாழக்கிழமைக்கு ஒரு மெஷின்

மார்ச் 14, வியாழன்

ஜெயித்துவிட்டேன். வியாழக்கிழமை பூமித்தாய் ஓய்வெடுக்கும் நாள், அன்றைக்கு மண்ணில் இரும்பு படக்கூடாது, பட்டால் ஒரு ஆடு அபராதம். எங்கள் ஊரில் இதை மீறினவன் இல்லை. நான் மீறவில்லை, வாதாடினேன். ஊர்த் தலைவருக்காகப் பேசுகிற ஆடாய், ஊர் கூடும் மரத்தடியில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உன் மெஷின் மண்ணைத் தொடுதா, தொடலையா?"

"தொடலைங்க. முதுகுல தொங்குது. மருந்து காத்துல போய் களை மேல விழுது. மண்ணுல யாரும் கை வைக்கல."

அவர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார், தலைவர் சிரித்தார், முடிந்தது. இனிமேல் வியாழனில் மருந்தடிக்கலாம். வாரத்தில் ஒரு நாளை ஊருக்குச் சம்பாதித்துக் கொடுத்த ஆள் நான்தான். வீடு திரும்பும்போது இரண்டு பேர் என்னை இன்ஜினியர் என்று கூப்பிட்டார்கள். கூச்சமாக இருந்தது என்று எழுதினால் பொய்.

மார்ச் 21

முதல் வியாழன். முன்பெல்லாம் மாத்தாள் வேலை. இன்று உன் தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் களை வெட்டுவோம், நாளை என் தோட்டத்தில் நீங்கள். பெண்கள் அண்டா வைத்துச் சமைப்பார்கள், பாதி நாள் பாட்டுப் பாடுவதிலும் வம்பிலும் போகும், மாதக்கணக்கில் இழுக்கும். இன்று நான் ஒருத்தன் மத்தியானத்துக்குள் மூன்று தோட்டம் முடித்தேன். தண்ணீர் சுமந்தது அன்ட்வி, என் மனைவி பொக்குவாவின் அண்ணன். வரப்பில் உட்கார்ந்து அவன் சொன்னான்: "மச்சான், இனிமே இந்த ஊர்ல யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதே இல்ல போல."

பாராட்டாகத்தான் சொன்னான்.

ஏப்ரல் 18

தலைவலி. காற்று திரும்பி மருந்து முகத்தில் அடித்துவிட்டது. அன்ட்வியின் கையெல்லாம் சிவந்து அரிப்பு, வேர்க்குரு என்று சொல்லி அனுப்பினேன். எனக்கும் அதே வேர்க்குரு இருக்கிறது.

காலியான மருந்துக் கேன்களுக்குப் பெண்கள் நடுவே அடிதடி. நல்ல கெட்டியான கேன், தண்ணீர் எடுக்க, பாமாயில் ஊற்றிவைக்க. இருப்பதில் நல்லதாக இரண்டைப் பொக்குவாவுக்கு எடுத்துவைத்தேன். ஆறு மாதக்காரிக்குப் புருஷன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஏப்ரல் 27

முதல் பெருமழை. பெண்கள் குழம்புக்கு நத்தை பொறுக்கப் போய் வெறுங்கூடையோடு வந்தார்கள். நத்தைக்கு இந்த வருடம் எங்கள் மேல் என்ன கோபமோ.

மே 20, திங்கள்

பொக்குவாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் மிகக் குறைவு. போன பிரசவத்திலேயே ரத்தம் நிற்காமல் போய் அவளை மரண வாசல்வரை கொண்டுபோனது, அதை டெடே சிஸ்டர் மறக்கவில்லை. இந்த நிலையில் மறுபடி ரத்தம் போனால் இந்தத் தடவை வாசலோடு நிற்காது என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். மாத்திரை கொடுத்தால் பொக்குவா வாந்தி எடுக்கிறாள். சிஸ்டருக்குக் கோபம்.

"தோட்டக்காரன் பொண்டாட்டிக்கு ரத்தம் இல்லன்னா சிரிக்க மாட்டாங்களா? சேம்பிலையும் சுண்டக்காயும் உங்க கொக்கோ மரத்துக்கடியில சும்மா மொளைக்குமே. தினம் ஒரு சட்டி ஆக்கிக் குடு. அது போதும்."

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. நட வேண்டாம், தண்ணீர் விட வேண்டாம், வேண்டாம் என்று வெட்டிப்போட்டாலும் மறுபடி வருகிற இலை.

மே 21

விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். ஒரு மூலை விடாமல் பார்த்தேன். மரம் இருக்கிறது, சருகு இருக்கிறது. தரை பெருக்கிவைத்த முற்றம் மாதிரி சுத்தம். ஒரு சேம்பு இல்லை, ஒரு சுண்டைச் செடி இல்லை.

பக்கத்துத் தோட்டம், அதற்குப் பக்கத்துத் தோட்டம். எல்லாம் சுத்தம். எல்லாம் என் கைவேலை. இவ்வளவு நேர்த்தியாக எதையும் நான் செய்ததில்லை.

மே 22

பொக்குவாவிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியும். ஒரு மாதமாகக் குழம்பில் இலை இல்லை, நீங்கள் கவனிக்கவில்லை என்றாள். கவனிக்கவில்லைதான்.

மே 25, சனி

ஆற்றுக்கு அந்தப்பக்கம் மெஷின் இன்னும் போகவில்லை. அங்கே செர்வா என்று ஒரு விதவை, தோட்டம் முழுக்க முழங்கால் உயரம் சேம்பு. பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. கூடை நிறைய இலையும், நட்டுக்கொள்ளக் கிழங்கும் கேட்டேன். கொடுத்தாள். வேறு எதுவும் வேண்டாமாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பி, நீதானே அந்த மெஷின்காரன்? இந்தக் காட்டைப் பாரு, ஒத்தைப் பொம்பள நான் எத்தனை நாள் வெட்டுவேன்? ஒரே ஒரு தடவை வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போ."

வேண்டாம் அக்கா என்றுதான் ஆரம்பித்தேன். அவள் கை முழுக்கக் காய்ப்பு. ஊருக்கெல்லாம் அடித்தவன் எனக்கு மட்டும் ஏன் மாட்டேன் என்கிறாய் என்றாள். என்ன சொல்ல? என் பெண்டாட்டிக்காக உன் தோட்டம் காடாகவே இருக்கட்டும் என்றா?

ஜூன் 6, வியாழன்

செர்வா தோட்டத்தில் அடித்துக் கொடுத்தேன். போவதற்கு முன் கடைசியாக ஒரு மூட்டை இலை அறுத்துக்கொண்டேன். அவள் எனக்கு மூன்று முறை நன்றி சொன்னாள்.

ஜூன் 9

கிழங்கை நட்டாகிவிட்டது. என் தோட்டத்தின் கோடியில், பாதையிலிருந்து தெரியாத இடத்தில். சுற்றிலும் சருகைக் குவித்து மறைத்திருக்கிறேன். கூடவே செர்வா கொடுத்த நாலு சுண்டைக் கன்று. இன்ஜினியர் களை வளர்க்கிறான் என்று ஊரில் தெரிந்தால் ஊர் மரத்தடியில் ஒரு வருடம் சிரிப்பார்கள்.

"எங்க அண்ணன்கிட்டயாவது சொல்லிவைங்க" என்றாள் பொக்குவா.

அவனிடம் சொன்னால் தலைவருக்குச் சொன்ன மாதிரி. வேண்டாம் என்றேன்.

ஜூன் 30

இலை விரிந்துவிட்டது. யானைக் காது கணக்காக. தினமும் போய்ப் பார்க்கிறேன். நான் கொக்கோவைக்கூட இப்படிப் போய்ப் பார்த்ததில்லை.

ஜூலை 15

ரத்தம் ஏறியிருக்கிறது. டெடே சிஸ்டர் பொக்குவாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். பொக்குவா வெந்த வாழைக்காயோடு ஒரு சட்டி இலையும் காலி செய்கிறாள். மூச்சு வாங்குவது நின்றிருக்கிறது, நேற்று என்னைத் திட்டவும் திட்டினாள். சந்தோஷமாக இருந்தது.

இரண்டு பேர் மருந்தடிக்க வரச் சொன்னார்கள். முதுகுவலி என்றேன். மெஷினை அன்ட்வி எடுத்துப்போய் அடித்துக் கொடுத்தான். அவன் இப்போது என்னைவிட நன்றாக அடிக்கிறான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆண் குழந்தை.

அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் யாரும் என்னோடு பேசவில்லை, கதவு திறப்பதும் மூடுவதும்தான். கடவுளே, இலையை இன்னும் ஒரு மாதம் முன்னால் நட்டிருக்கக்கூடாதா நான் — மார்ச்சிலேயே — மார்ச்சில் நட வேண்டியதே இல்லையே, அதுவாக இருந்ததே.

நின்றுவிட்டது. ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். இலை தின்று முன்பே அந்தக் கொஞ்சம் ஊறியிருக்காவிட்டால் இவளைப் பிழைக்கவைத்திருக்க முடியாது என்றார் சிஸ்டர். இனி நாலைந்து மாதம் இலை தவறக்கூடாது, பால் கொடுக்கிறவள், உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. தவறாது என்றேன். தோட்டத்தில் காடாக நிற்கிறது என்று பெருமையாகவே சொன்னேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வீட்டுக்கு வந்தோம். வாசலில் பாதி ஊர். அன்ட்வி குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மச்சான், நீ அங்க ஆஸ்பத்திரியில கெடக்க, உன் தோட்டம் காடா கெடக்கலாமா? வியாழக்கிழமை எல்லாரும் சேர்ந்து போனோம், பழைய மாத்தாள் வேலை மாதிரி. பொம்பளைங்க சமைச்சாங்க, பாட்டுப் பாடினோம். நான்தான் மெஷின் புடிச்சேன். அந்தக் கோடியில யாரோ சருகைப் போட்டு மூடி, உள்ள ஒரே பொதர். அதுக்கு மட்டும் ரெண்டு டேங்க் அடிச்சேன். என் தங்கச்சி வரும்போது ஒரு புல்லு இருக்கக் கூடாதுன்னு."

அவன் முழங்கைவரை புண். அந்தக் கையையே பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனேன் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

பொக்குவா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அது அழுகையாகிவிட்டது. பிள்ளை பெற்றவள் அப்படித்தான் என்று பெண்கள் உள்ளே அழைத்துப் போனார்கள்.

ஆகஸ்ட் 14

உதவி செய்தவர்களுக்கு மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய் நன்றி சொல்வது வழக்கம். போகாமல் இருந்தால் அவமதிப்பு. போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: நீ கற்றுக்கொடுத்ததுதானே.

அன்ட்வி வீட்டில் கடைசியாக. நன்றி சொன்னேன். அவன் புண்ணுக்கு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், வேர்க்குரு இல்லை என்றும் சொன்னேன். பொதரைப் பற்றிச் சொல்லவில்லை. தங்கைக்குச் செய்தோம் என்ற நினைப்பில் அவன் அப்படி உட்கார்ந்திருந்தான், எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 16

ஆற்றுக்கு அந்தப்பக்கம் போனேன். செர்வாவின் தோட்டம் பளிச்சென்று இருக்கிறது. அக்கம்பக்கமும் பார்த்துவிட்டு ஆளுக்கொரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

விடியற்காலை முதல் வண்டியில் டவுனுக்குப் போய் இலை வாங்கி வருகிறேன், கொக்கோ காட்டுக்காரன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒர்க்‌ஷாப் சாக்கடையை ஒட்டி ஒருத்தி வளர்க்கிறாள். களை எடுக்க அவளுக்கு நேரமில்லையாம். அங்கே மருந்தடிக்கிறவன் யாரும் இன்னும் வரவில்லை, நான் யாரென்று நானும் சொல்லவில்லை.

பொக்குவா ஒவ்வொரு கட்டையும் பிரித்து, மருந்து வாடை அடிக்கிறதா என்று ஒரு இலையை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்க்கிறாள். இன்றும் பார்த்தாள்.

"சாக்கடை நாத்தம்தான்" என்றாள். நிம்மதியாக அடுப்பில் போட்டாள்.