டெய்சி பூக்காத மாசி

என் பிரியமுள்ள ராஜேஸ்வரிக்கு,

உன்னை நான் இப்படிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா", "ஏய்", "கலா அம்மா" என்றே ஆயுசை ஓட்டிவிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. உனக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்.

அலுப்பாக இருக்கிறது. உடம்பு அலுப்பா, மனசு அலுப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலையில் பெண்கள் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும் சத்தம் கேட்டு எழுந்திருக்கிறேன். தேத்தண்ணியை ஊற்றிக் குடித்துவிட்டு லயத்து வாசலில் உட்கார்ந்தால், எதிர்மலைத் தேயிலையில் வெயில் இறங்கும்வரை அப்படியே கிடக்கிறேன். நீ இருந்தால் திட்டியாவது எழுப்பிவிட்டிருப்பாய்.

உன் டெய்சிகளைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். வாசலுக்கும் தண்ணி ஓடுகிற கானுக்கும் நடுவில் கல் அடுக்கி நீ நட்டிருந்த ஒற்றை வரிசை, பிறகு பெயின்ட் டின்னிலும் ஓட்டை வாளியிலும் வைத்தவை. துரை பங்களாவில் புல் வெட்டப் போன நாளில் ஒரு கிளையை முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாயே, எல்லாம் அதன் பிள்ளைகுட்டிகள். வாசமும் இல்லை, தலையிலும் வைக்க முடியாது, குழம்பிலும் போட முடியாது, இது எதற்கு என்று உன்னை எவ்வளவு சீண்டியிருப்பேன்? மழை ஓய்ந்து மாசியில் வாசல் முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாய், அவ்வளவுதான்.

கலா உன்னைக் கடைசியாகப் பார்த்தது குவைத்திலிருந்து ஃபோனில். வேலை செய்யும் வீட்டில் அவளை விடவில்லை. உன்னை எடுத்த அன்றைக்கு அடித்த மழையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. மண் போடும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை பேசினாள், ஒரு முறைகூட அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மாசியில லீவு தர்றாங்கப்பா. அம்மா பூவெல்லாம் பூத்திருக்கும்ல? நானே பறிச்சு அம்மா குழியில வைக்கணும். அதுவரைக்கும் பத்திரமா பாத்துக்கங்க" என்றாள். அவள் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

ஃபெக்டரி மெஷினோடு மல்லுக்கட்டியவனுக்குச் செடி வளர்க்கத் தெரியுமா? ஆனாலும் பார்த்தேன். நத்தை வராமல் அடுப்புச் சாம்பலைத் தூவினேன். தேத்தண்ணிச் சக்கையை உலர்த்தி வேரில் போட்டேன். மழை கொட்டிய நாட்களில் டின்களையெல்லாம் காம்பராவுக்குள் தூக்கி வைத்து, அவற்றுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தேன். தை பிறந்ததும் நுனியில் பொட்டுப் பொட்டாக மொட்டு தெரிந்தது. கலாவுக்குப் படம் அனுப்பினேன். நீ போன பிறகு எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பதுளை பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்துக் காம்பரா சரசுவிடம் சாவியைக் கொடுத்திருந்தேன். உன் கூட்டாளிதானே, நன்றாகத்தான் ஊற்றியிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு செடியிலும் மொட்டு இல்லை. எல்லா நுனியும் ஒரே மட்டமாக, கங்காணி பார்த்தால் மெச்சுகிற மாதிரி கிள்ளியிருந்தது.

"மதினி கிள்ளிவிடுவாங்களேண்ணே. கிள்ளுனாத்தான் கெளைக்கும்னு சொல்வாங்க. அதான் நானும் கிள்ளிவிட்டேன்" என்றாள் சரசு.

"அவ தீவாளியோட நிப்பாட்டிருவா! தை பொறந்தா தொடவே மாட்டா!"

"அது எனக்குத் தெரியலயேண்ணே. நாள் பூரா கொழுந்து எடுக்கிற கை. செடியப் பாத்தா தானாப் போகுது."

கத்தினேன். லயமே எட்டிப் பார்த்தது. அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கத்தவும் தெம்பில்லாமல் போய்விட்டது. கலாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன்னிடமாவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம், அதற்கும் வாய் வரவில்லை.

கலா வந்தாள். மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பையைக்கூட இறக்கவில்லை, நேராக உன் வரிசை முன்னால் போய் நின்றாள். செடிகள் பச்சைப்பசேலென்று இருந்தன.

"எங்கப்பா பூ?"

சரசுதான் ஓடி வந்தாள். "நான்தான் தாயி கிள்ளிப்புட்டேன். உங்கம்மா பூவ நான்தான் கிள்ளிப்புட்டேன்."

பிள்ளை கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சரசுவின் கையைப் பிடித்து, தேயிலைக் கறை ஏறிய அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் தோளில் சாய்ந்து, "அம்மா கையும் இப்படித்தான் இருக்கும் அத்தே" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். அத்தனை மாதத்து அழுகையும் அங்கேயே வந்தது. இரண்டு பேரும் கான் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்கள். நான் உள்ளே போய் அடுப்பை மூட்டினேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் கலா வாளியிலிருந்த பெரிய செடியை வேரோடு எடுத்தாள். "பூ இல்லாட்டி என்னப்பா, செடியவே கொண்டு போறேன். நீங்களும் வாங்க."

முழங்கால் முடியவில்லை என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கருமாதி முடிந்த பிறகு உன் குழி இருக்கிற அந்த மேட்டில் நான் ஏறவே இல்லை, ராஜேஸ்வரி. உன்னை மண்ணாகப் பார்க்க எனக்கு முடியவில்லை. கலா என்னை நம்பின மாதிரி தலையாட்டிவிட்டு, மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு சரசுவோடு போனாள்.

திரும்பிப் போகிற அன்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வெயில் ஏறுதுப்பா. தெனம் தண்ணி ஊத்தலன்னா அந்தச் செடி காஞ்சிரும்."

"சரசுகிட்ட சொல்லிட்டுப் போ."

"அத்தைக்கு மலையில வேல இருக்கு. நீங்கதான் சும்மா இருக்கீங்க. நீங்க ஊத்துங்க."

பஸ் ஏறிவிட்டாள். யார் பிள்ளை? உன் பிள்ளை.

ரெண்டு நாள் உட்கார்ந்தே இருந்தேன். மூன்றாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் இருக்கிற செடிகளே தலை தொங்கிவிட்டன. மேலே நிற்கிற அது என்ன பாடுபடும் என்று ஒரு நினைப்பு வந்தது, பிறகு இருக்க முடியவில்லை. ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். நின்று நின்று, கல்லில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். செடி துவண்டு கிடந்தது. வேரில் ஊற்றினேன். அங்கேயே உன் பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணி கொண்டாந்திருக்கேன்" என்றேன். நீ போன பிறகு உன்னிடம் நான் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல்.

கிள்ளிய இடத்திலெல்லாம் இப்போது ரெண்டு ரெண்டாகத் துளிர் விட்டிருக்கிறது. மழைக்கு முன்னால் பூக்குமா, பூக்காதா? சரசுவைக் கேட்டால், "என்னைய விட்டுருங்கண்ணே" என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

பூத்தாலும் பூக்காவிட்டாலும் நாளைக்கும் வருவேன், அதற்கு மறுநாளும் வருவேன். மூச்சு வாங்கும், வரக் கொஞ்சம் நேரமாகும். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
கலாவோட அப்பா