மற்றது என்ன செய்துகொண்டிருந்தது?

பிப்ரவரி 3

என் வாலுக்கு,

போர் விமானப் பயிற்சியில் நீ முதலாவதாக வந்ததை அப்பா தன் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. இருமல் மருந்து கேட்டு வந்தவரைக்கூட விடவில்லை. எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்தான்.

முதலாவதாக வந்தவள் என்பதால் எந்த விமானம் வேண்டும் என்று நீயே எழுதிக் கொடுக்கலாமாமே! அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் "சரிம்மா, சரிம்மா" என்று நழுவிவிடுகிறாய். நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர், எனக்கு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்று ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று கம்பிக் கயிறுகளை எண்ணினேன். ஐந்து. ஒரே கயிறு முழுப் பாரத்தையும் தாங்கும். இருந்தாலும் நாலுதான் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். மூன்றாம் மாடிக்குப் பல் பிடுங்கப் போகிற ஆளைத் தூக்கவே ஐந்து கயிறு. என் பெண்ணை ஆகாயத்தில் தூக்கிப் பிடிக்க ஒரே ஒரு இன்ஜினா? படித்தவர்கள்தானே கட்டுகிறார்கள்? ஏன் அப்படிக் கட்டுகிறார்கள்? குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்று. நீ ஒற்றை இன்ஜினை எழுதிக் கொடுத்தால் எனக்குக் கடிதம் போடாதே. வீட்டுப் பக்கமும் வராதே. என் பிடிவாதம் உனக்குத் தெரியும். உன்னிடம் இருப்பது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

அன்புடன்,
அம்மா


பிப்ரவரி 16

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் நிம்மதியாக மூச்சு விடு. இரட்டை இன்ஜின் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஒற்றை இன்ஜின் விமானம் சிறியது, எடை குறைவு. சட்டென்று திரும்பும். எதிரி கண்ணில் படுவதும் குறைவு. எரிபொருள் குறைவாகக் குடிக்கும். பழுது பார்க்கும் ஆட்கள் ஒரு இன்ஜினைக் கழற்றி மாட்டினால் போதும் என்பதால், காலையில் பறக்கத் தயாராக நிற்கும் விமானங்கள் அதிகம். இரட்டை என்றால் அதிகக் குண்டு தூக்கலாம், ஒன்று போனாலும் இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆனால் அம்மா, இரண்டு இருந்தால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகிற வாய்ப்பும் இரண்டு மடங்குதானே? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒன்றில் தகடு உடைந்து தெறித்தால் பக்கத்து இன்ஜினையும் கிழித்துவிடலாம். ஒற்றை இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர்களோ அதைக் கைக்குழந்தை மாதிரி கவனிக்கிறார்கள். சின்ன சந்தேகம் வந்தாலும் தரையை விட்டு எழும்ப விடமாட்டார்கள்.

இங்கே அறையில் மின்விசிறி கடகடக்கிறது. அறைத்தோழி தூக்கத்தில் அதற்குத் தாளம் போடுகிறாள். அப்பாவை என் புகழ் பாடுவதை நிறுத்தச் சொல்.

அன்பு மகள்,
வாலு


மார்ச் 2

என் வாலுக்கு,

வயிற்றில் பால் வார்த்தாய். ஆனால் உன் கடிதம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. போன வருஷம் ஒரு சரக்கு லிஃப்டுக்குச் சீல் வைத்தேன். கயிறு நாலு இருந்தது, நாலையும் ஒரே கொக்கியில் மாட்டியிருந்தார்கள். முதலாளி, "நாலு இருக்கே மேடம்!" என்றார். "கொக்கி ஒண்ணுதானே சார்!" என்றேன். நீ சொன்னதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நானே ஏமாறப் பார்த்தேன்.

ஆகவே கேள்விகள். உன் இரண்டு இன்ஜினுக்கும் எரிபொருள் ஒரே தொட்டியிலிருந்து வருகிறதா? எதை முதலில் கிளப்புவாய்? பறக்கும்போது ஒன்று நின்றால் விமானம் ஒரு பக்கமாக இழுக்குமே, எந்தக் காலை அழுத்துவாய்?

இன்னொன்று. இரட்டையை எழுதிக் கொடுத்தவளுக்கு ஒற்றை மேல் ஏன் இவ்வளவு பரிவு? வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற மாதிரி இருக்கிறதே!

அன்புடன்,
அம்மா


ஏப்ரல் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எரிபொருள் தனித்தனி அறைகளில் இருக்கும், தேவைப்பட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்பலாம். எதை முதலில் கிளப்புவது என்பது விமானத்துக்கு விமானம் மாறும். வலது பக்க இன்ஜின் நின்றால் மூக்கு வலப்பக்கம் இழுக்கும், இடது காலை அழுத்த வேண்டும். பரீட்சையில் பாஸா?

போன வாரம் ஒரு சுவாரஸ்யம். பயப்படாதே, சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். திரும்பி வரும் வழியில் இன்ஜின் படக்கென்று அணைந்துவிட்டது. அம்மா, அப்படியொரு அமைதி! என் மூச்சு எனக்கே கேட்டது. முகமூடியின் ரப்பருக்கு ஒரு வாசனை உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. மூக்கைக் கீழே இறக்கி வேகம் பிடித்து மறுபடி மூட்டினேன். முதல் தடவை பற்றவில்லை, இரண்டாவது தடவை பற்றிக்கொண்டது. பத்திரமாக இறங்கிவிட்டேன். எல்லோரும் முதுகில் தட்டித் தட்டியே முதுகு வீங்கிவிட்டது.

அன்பு மகள்,
வாலு


ஏப்ரல் 18

வாலு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது நீ முழுசாக இருக்கிறாயா என்று மட்டும் பார்த்தேன். இரண்டாம் தடவைதான் இன்ஸ்பெக்டராகப் படித்தேன்.

அமைதி எங்கிருந்து வந்தது? ஒன்று நின்றால் பாதிச் சத்தமாவது மிச்சம் இருக்க வேண்டுமே. எந்தக் காலை அழுத்தினாய் என்றும் எழுதவில்லை.

மற்றது என்ன செய்துகொண்டிருந்தது?

அப்பாவிடம் கேட்டேன். "கடைய திறக்கணும், நேரமாச்சு" என்று செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். இன்று ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு லீவு.

அம்மா


ஏப்ரல் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

மற்றது இல்லை. ஒன்றுதான்.

முதல் நாளிலிருந்தே ஒற்றைதான். அப்பாவுக்குத் தெரியும், நான்தான் வாயைக் கட்டிப்போட்டேன், அவரைத் திட்டாதே. பயிற்சியில் இரண்டிலும் ஏறிப் பார்த்தேன். ஒற்றையில் ஏறியதும், நான் நினைப்பதற்குள் அது திரும்பியது. அப்புறம் வேறெதையும் எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நீயோ வராதே, எழுதாதே என்றாய். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. பொய் சொல்லிவிட்டேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை இன்ஜின்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. இரண்டாயிரம் அடிக்கு மேலேயே இன்ஜின் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றாவிட்டால் கைப்பிடியை இழுக்க வேண்டும். இருக்கையோடு நம்மை வெளியே தூக்கி எறிந்துவிடும், பாராசூட் விரியும். யோசிக்க இடமே கிடையாது. அந்த வகையில் இரட்டையைவிட எங்கள் பாடு சுலபம் என்றுகூடச் சொல்வார்கள்.

எனக்கு இன்ஜின் பற்றியபோது உயரம் ஆயிரத்து நானூறு.

கை கைப்பிடியில்தான் இருந்தது. இழுத்தால் விமானம் விழும், செய்தியில் வரும், ஒற்றை இன்ஜின் என்று போடுவார்கள், அம்மா படிப்பாள். இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. அறுநூறு அடி அதிலேயே போய்விட்டது. விசாரித்த அதிகாரி, "ஏன்மா இழுக்கல?" என்று கேட்டார். "பத்திக்கும்னு தோணுச்சு சார்" என்றேன். அதுவும் பொய்.

இனி நீ எழுதாவிட்டாலும் சரி. எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாலு


மே 4

என் செல்ல வாலுக்கு,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். லிஃப்ட் கூண்டின் மேலே நின்று அழுதேன். கீழே இருந்த மெக்கானிக், "மேடம், கயிறு சரியில்லையா?" என்று பதறிவிட்டார். கயிறெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பொய் சொன்னதற்கு உன் மேல் கோபம் இருக்கிறது. நேரில் வந்து வாங்கிக்கொள். அப்பா தன் பங்கை வாங்கிவிட்டார். மூன்று நாளாக அவரே காபி போட்டுக் குடிக்கிறார்.

நான் மூன்று மாதமாக இன்ஜினையே குடைந்துகொண்டிருந்தேன். தொட்டி, குழாய், எந்தக் கால் என்று. லிஃப்ட் பாதியில் நின்றால் நாங்கள் முதலில் கேட்பது, கூண்டில் அதிகப்படி பாரம் என்ன இருந்தது என்றுதான். அந்தக் கேள்வியை உன் விமானத்துக்குக் கேட்க மறந்துவிட்டேன். அதிகப்படி பாரம் நான் எழுதிய இரண்டு வரி. வராதே, எழுதாதே. அவற்றை இதோ எழுத்து மூலமாகவே திரும்பப் பெறுகிறேன். அந்த அதிகாரியிடம் போய் உண்மைக் காரணத்தைச் சொல். என்ன தண்டனை என்றாலும் வாங்கிக்கொள்.

ஒற்றை இன்ஜின் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசிவரை பிடிக்கப்போவதும் இல்லை. அது எப்படி நொடியில் திரும்புகிறது என்று மட்டும் படம் போட்டு அனுப்பு, பார்க்க ஆசையாக இருக்கிறது.

இன்னொரு தடவை அது நின்றால், இரண்டாயிரம் அடி வரைக்கும் யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அதற்குக் கீழே உனக்கு அம்மா கிடையாது. கைப்பிடி மட்டும்தான்.

உன்
அம்மா